எறிய ஏலாத பரிசுகள்

லண்டனில், மிச்சம் என்ற பகுதியில் நாங்கள் குடியிருந்த தெருவுக்கு கவுன்சிலின் குப்பை லொறி புதன்கிழமை காலையில் வரும். அதற்கு முந்தி அக்கா வருவார். லொறிக்காரர் சம்பளத்துக்கு வருகிறவர்கள். வாசலில் வைத்ததை மட்டும் எடுத்துக்கொண்டு போய்விடுவார்கள். அக்கா அப்படியல்ல. கேற்றைத் திறந்து, செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே வந்து, இன்னும் குப்பையாகாத சாமானையும் ஒருமுறை பார்வையிடுவார்.

"பிள்ளை, உந்த ஐஸ்கிறீம் பெட்டி எப்ப முடியும்?"

அரைவாசிக்கு மேல் ஐஸ்கிறீம் கிடக்கிற பெட்டியை என் மனைவி முதுகுக்குப் பின்னால் பிடித்துக்கொண்டு, "பிள்ளையள் இன்னும் சாப்பிட்டு முடிக்கேல்லை அக்கா" என்பாள்.

"கெதியாச் சாப்பிடச் சொல்லும். எனக்கு மூடி வேணும்."

எங்கள் பிள்ளைகளுக்குப் பனிக்காலத்திலும் சளி பிடித்ததென்றால் அதற்கு அக்காவும் ஒரு காரணம்.

அவர் எனக்கு எந்த வழியிலும் சொந்தம் இல்லை. இரண்டு வீடு தள்ளி இருந்தார், அவ்வளவுதான். எங்களைவிடக் கொஞ்சம் மூத்தவர். தெருவில் இருந்த தமிழ்க் குடும்பங்கள் எல்லாவற்றுக்கும் அவர் அக்கா. எங்கள் கோயில் ஐயருக்குக்கூட அக்காதான். ஒரு பள்ளிக்கூடச் சமையலறையில் பிள்ளைகளுக்குச் சாப்பாடு பரிமாறுகிற வேலை. அங்கே பிள்ளைகள் தின்று முடித்த யோகட் கோப்பை, ஐஸ்பழக் குச்சி, பெரிய பெரிய தகர டின் எல்லாம் பின்னேரத்தில் அவருடைய தோள் பையில் வீடு வந்து சேரும். வந்ததெல்லாம் முதலில் குளியல் தொட்டிக்குள் ஊறும். "கழுவிப்போட்டால் எல்லாம் புதிசுதான் தம்பி" என்று அடிக்கடி சொல்லுவார். அந்த வீட்டில் மனிதர் எப்போது குளித்தார்கள் என்று நான் கேட்கவில்லை. அவருடைய புருசன், நாங்கள் அத்தான் என்று கூப்பிடுகிறவர், சாமான் குவியலுக்கு நடுவில் ஒரு கதிரையில் அசையாமல் இருப்பார். மேலே சாமிப் படம் ஒட்டியிராததை வைத்துத்தான் அவரைச் சாமான்களிலிருந்து பிரித்து அடையாளம் காண்போம்.

சாமிப் படம் என்று சொன்னேனே, அதைத்தான் விளக்க வேண்டும்.

நாங்கள் வீடு வாங்கிப் பால் காய்ச்சிய அன்று அக்காவின் முதல் பரிசு கிடைத்தது. மற்றவர்கள் மேசை விளக்கு, சட்டி, பீங்கான் என்று கடைப் பெட்டியோடு தூக்கிவர, அக்கா பழைய தமிழ்ப் பேப்பரில் சுற்றிய வட்டமான ஒரு சாமானைத் தந்தார். சுவர் மணிக்கூடு. இன்டர்நெட் எடுக்கச் சொல்லி அந்த நாளில் கதவு ஓட்டையால் சும்மா போட்டுவிட்டுப் போகிற சீடிகள் பலருக்கு நினைவிருக்கும். அவற்றை வட்டமாக அடுக்கி ஒட்டியிருந்தார். மணி இலக்கம் வருகிற இடங்களில் யாழ்ப்பாணத்துக்குக் கதைத்து முடிந்த போன் கார்ட்டுகள். நடுவில் கலண்டரிலிருந்து வெட்டிய முருகன். முருகனுடைய மூக்கு நுனியில் ஓட்டை போட்டு இரண்டு முள்ளையும் பூட்டியிருந்தார்.

நான் வெள்ளிக்கிழமை விரதம் விடாதவன். பெருமானின் மூக்கில் ஆணி! என்றாலும் தந்தவரின் முகத்துக்கு முன்னால் என்ன சொல்வது?

"பெரிய வேலையெல்லோ அக்கா இது" என்றேன்.

"வேலையே? சும்மா இருந்த நேரத்தில செய்தது. பற்றரி மட்டும் நீர் போடும்."

மாட்டினோம். தினமும் பின்னேரம் மூன்று மணிக்குக் கால் மணி இருக்கும்போது முருகனுக்கு மீசை முளைத்தது. அதையாவது பொறுக்கலாம். சரியாக நாங்கள் விளக்கேற்றுகிற ஆறு மணிக்கு நெற்றியில் நெட்டுக்கு ஒரு முள் நின்று, பெருமான் நாமம் போட்டுக்கொண்டு வைணவராகிவிடுவார். ஒரு சைவக் குடும்பம் இதைவிட என்ன சோதனையைத் தாங்க வேண்டும்?

"இஞ்சருங்கோ, உதைக் கழட்டி எறியுங்கோவன்" என்றாள் மனைவி.

"முருகனையோ? குப்பைப் பின்னுக்கையோ? எனக்கு ஏலாதப்பா. நீர் எறியும், பாப்பம்."

அவள் கழற்றிக்கொண்டு வீறாப்பாகப் பின்கதவு வரை போனாள். குப்பைத் தொட்டியின் மூடியைத் திறந்தாள். அங்கே கிடந்த மீன் செதிலைப் பார்த்தாள். முருகனைப் பார்த்தாள். திரும்பி வந்து அதே ஆணியில் மாட்டிவிட்டு, கன்னத்திலும் போட்டுக்கொண்டாள்.

அக்காவின் கெட்டித்தனம் அங்கேதான் இருந்தது. கடையில் வாங்கித் தருகிற பரிசு பிடிக்காவிட்டால் வேறு யாருடைய பிறந்தநாளுக்காவது தள்ளிவிடலாம். அக்காவின் பரிசைத் தள்ளவும் ஏலாது, எறியவும் ஏலாது. எல்லாவற்றிலும் யாரோ ஒரு சாமி இருந்தார். பால் போத்தலில் செய்த விளக்கில் லட்சுமி. பாண் பையில் பின்னிய மிதியடியில்கூட ஓர் ஓரத்தில் தாமரை; சாமி இல்லை என்று ஆறுதல்பட்டால், அது லட்சுமி நிற்கிற தாமரைதான் என்று அவரே சொல்லித் தந்தார். பிறகு அதை யார் மிதிப்பது? என் மகனின் பிறந்தநாளுக்குப் பென்சில் போட ஒரு தகர டின் வந்தது. மேலே வெள்ளைத் தாமரையில் சரசுவதி வீணையோடு இருந்தார். அக்கா எவ்வளவு உரஞ்சியும் போகாத பழைய லேபல் அவருடைய காலடியில் 'தக்காளிச் சாஸில் பீன்ஸ்' என்று ஆங்கிலத்தில் அறிவித்தது.

மகன் அதைப் பார்த்துவிட்டு, "அப்பா, இது பீன்ஸ் சாமியோ?" என்று கேட்டான்.

"வாயைக் கழுவடா" என்றேன். வேறு என்ன சொல்ல?

எங்கள் வீட்டுச் சாமியறை படிக்கட்டுக்குக் கீழே காஸ் மீற்றரோடு சேர்ந்த சின்ன அறை. அது நிரம்பி வழிந்தது. மீற்றர் பார்க்க வருகிற வெள்ளைக்காரன் கால் வைக்க இடமில்லாமல், என்னைக் கேட்டுக் கேட்டு ஒவ்வொரு கடவுளாக நகர்த்தினான்.

இவ்வளவு சாமி அக்காவுக்கு எங்கிருந்து கிடைத்தது என்று கேட்பீர்கள். நாங்கள்தான் கொடுத்தோம். வருடம் பிறந்தால் தமிழ்க் கடைகள் எல்லாம் கலண்டர் தரும். அரிசி வாங்கினால் லட்சுமி, நகை பார்க்கப் போனால் மீனாட்சி, மீன் கடைக்காரர்கூடப் பிள்ளையார் கலண்டர்தான் தருவார். வருடம் முடிந்தால் திகதி பழசாகும், சாமி பழசாவாரா? ஊரில் என்றால் ஆற்றிலோ கிணற்றிலோ விடலாம். லண்டனில் எங்கே விடுவது?

நான் ஒருமுறை முயன்று பார்த்தவன். ஒரு வருடக் கலண்டர்களைச் சுருட்டிக்கொண்டு வான்டில் ஆற்றங்கரைக்குப் போய், தேவாரம் ஒன்று பாடி, பக்தியோடு தண்ணீரில் விட்டுவிட்டுத் திரும்பிப் பாராமல் நடந்தேன். பின்னால் மூச்சிரைக்க யாரோ ஓடி வந்தார்கள். நாயோடு உலாவ வந்த ஒரு வெள்ளைக்காரக் கிழவி. முழங்கால் வரைக்கும் நனைந்திருந்தார். கையில் சொட்டச் சொட்ட மகாலட்சுமி.

"எக்ஸ்கியூஸ் மீ, யூ ட்ரொப்ட் திஸ்" என்றார்.

நன்றி சொல்லி வாங்கிக்கொண்டு வந்து, அந்த ஈரத்தோடேயே அக்காவின் கதவைத் தட்டினேன். அன்றிலிருந்து எங்கள் வீட்டுச் சாமிகள் எல்லாரும் அக்கா வீட்டுக்குப் போனார்கள். மார்கழியில் போனவர்கள் தையில் வேறு உருவம் எடுத்துத் திரும்பி வந்தார்கள். மறுபிறப்பில் நம்பிக்கை இல்லாதவர் யாரும் இருந்திருந்தால் எங்கள் தெருவுக்கு வந்து பார்த்திருக்கலாம்.

என் தங்கச்சியின் கதையும் இதற்குள் வருகிறது. எங்களுக்கு அம்மா அப்பா இல்லை. ஊரிலிருந்து அவளைக் கூப்பிட்டுக் கலியாணம் செய்து வைத்தவன் நான். பெரிய மண்டபம். லண்டன் முழுக்கத் திரண்டு வரும் என்ற நினைப்பில் கார்ட் அடித்தேன். என் பெருமைக்குத் தக்க அளவில் பெரிய, தடித்த, மடிக்காத ஒற்றை மட்டை. இடது பக்கம் மாப்பிள்ளை வீட்டார் பெயர்களோடு திகதியும் மண்டபமும், வலது பக்கம் எங்கள் பெயர்கள், நடு உச்சியில் பொன்னிறத்தில் பிள்ளையார். எங்கள் பக்கத்து வசனம் முழுக்க என் சொந்தக் கற்பனை. லண்டன் முழுக்க வரவில்லை. கார்ட் கட்டுக் கட்டாக மிஞ்சியது. வருடம் திரும்ப முந்தியே கலியாணம் முறிந்துபோனது. அந்த ஆளைப் பற்றி எழுதி மை செலவழிக்க எனக்கு விருப்பமில்லை. ஒரு மழைநாளில் தங்கச்சி சூட்கேசோடு எங்கள் வாசலில் நின்றாள் என்பதோடு விடுகிறேன்.

பிறகு செத்த வீட்டுக்கு வருகிற மாதிரி ஆட்கள் வந்தார்கள். தேத்தண்ணி குடித்து, "பாவம் பிள்ளை" என்று அவளுக்குக் கேட்கும்படியே சொல்லி, வீட்டுக்குப் போனதும் கிழக்கு லண்டனில் இருக்கிற மச்சாளுக்குப் போன் போட்டார்கள். தங்கச்சி அறையை விட்டு வெளியே வருவதை நிறுத்திவிட்டாள்.

அக்காவும் வந்தார். ஆறுதல் சொல்லத்தான் வருகிறார் என்று நினைத்துக் கதிரை போட்டேன். அவர் நேரே மேலே போய் அறைக் கதவைத் தட்டினார்.

"பிள்ளை, கை சும்மாதானே கிடக்கு? ஐஸ்பழக் குச்சி ஊறப் போட்டிருக்கிறன். வந்து உரஞ்சும்."

எனக்குக் கோபம் வந்தது. மனம் உடைந்து கிடக்கிற பிள்ளையைக் குச்சி கழுவக் கூப்பிடுகிற மனிதரும் உண்டோ? ஆனால் தங்கச்சி போனாள். அடுத்த நாளும் போனாள். கூலி இல்லாத வேலைக்காரி கிடைத்த சந்தோசம் அக்காவின் முகத்தில் அப்பட்டமாகத் தெரிந்தது. ஒரு பின்னேரம் தங்கச்சி கதவைத் திறந்துகொண்டு வரும்போதே சிரித்துக்கொண்டு வந்தாள்.

"அத்தான்ர கண்ணாடிக் கூட்டிலயும் லட்சுமியை ஒட்டிப்போட்டா அண்ணை. அந்த மனிசன் இப்ப ஒவ்வொருக்காலும் கும்பிட்டுப்போட்டுத்தான் கண்ணாடி போடுறார்."

சூட்கேசோடு வந்த பிறகு அவள் சிரித்து அன்றுதான் கேட்டேன்.

மிஞ்சிய கார்ட் கட்டுகள் எங்கள் கட்டிலுக்குக் கீழே கிடந்தன. "அது அங்க கிடக்கிற மட்டும் எனக்கு நித்திரை வராது" என்றாள் மனைவி. கிழிக்கவும் பயம், எறியவும் பயம். ஒவ்வொன்றின் தலையிலும் பிள்ளையார். கடைசியில் கறுப்புப் பையில் கட்டி அக்காவிடம் கொண்டுபோனேன். அவர் ஒன்றை எடுத்து விரலால் வளைத்துப் பார்த்தார்.

"நல்ல மட்டை" என்றார். அவ்வளவுதான்.

பிறகு கடவுள் கண் திறந்தார். கோயிலில் தங்கச்சியைக் கண்ட ஓர் இளைஞர், வால்தம்ஸ்டோவில் இருக்கிறவர், முந்தின கதை எல்லாம் தெரிந்துகொண்டே பெண் கேட்டு வந்தார். அவருடைய தாயாரும் சம்மதித்தார். சம்மதித்தபோது என்னைத் தனியே கூப்பிட்டு ஒன்று சொன்னார்.

"எங்கட சொந்தக்காரர் ஒருத்தருக்கும் நான் சொல்லேல்லைத் தம்பி. சபையில பழைய கதை ஒரு சொல்லும் வரப்படாது. வந்துதோ, பிறகு நான் அவையளுக்கு முன்னால தலை நிமித்தித் திரிய ஏலாது. உங்கட தங்கச்சியும் என்ர வீட்டில நிம்மதியா இருக்க ஏலாது."

தங்கச்சியும் அதையே வேறு விதமாகக் கேட்டாள். "அண்ணை, இந்த முறை ஒருத்தரும் என்னைப் பாத்துப் பாவம் எண்டு சொல்லாட்டிப் போதும்."

அதனால் கார்ட் அடிக்கவில்லை. போனில் சொல்லி, கோயிலுக்குப் பின்னால் இருந்த சின்ன மண்டபத்தில் வைத்தோம். வருகிறவர்களுக்குக் கொடுத்துவிடுகிற பலகாரப் பெட்டி தன் பொறுப்பு என்று அக்கா அறிவித்தார். நான் பீன்ஸ் டின்னை நினைத்து நடுங்கினேன். ஆனால் அன்று காலையில் வந்து இறங்கிய பெட்டிகளில் ஒன்றைத் தூக்கித் திருப்பித் திருப்பிப் பார்த்தேன். சொக்கிலேற் சுற்றி வருகிற பொன் தாளை நீவி நீவி வெளியே ஒட்டி, மூடியில் சிவப்பு நூல் கட்டி, எல்லாம் ஒரே அளவில் பளபளத்தன. சாமிப் படம் ஒன்றுகூட வெளியே இல்லை. அக்காவின் கைவேலை முதல்தடவையாகக் கடைச் சாமான் மாதிரி இருந்தது. அதிலேயே நான் சந்தேகப்பட்டிருக்க வேண்டும்.

தாலி ஏறியது. சாப்பாடும் முடிந்தது. பெட்டிகளைக் கொடுக்கத் தொடங்கிய பிறகுதான் எனக்கு மூச்சு வந்தது. ஒரு மூலையில் இருந்து நானும் ஒரு பெட்டியைத் திறந்து, பயித்தம் பணியாரத்தை வாயில் போட்டேன். பெட்டியின் அடியில் எண்ணெய் ஊறியிருந்தது. எண்ணெய்க்குள் எழுத்துத் தெரிந்தது. 'தெய்வத் திருவருள் துணைநிற்க, மேலுலகில் இருந்து பெற்றோர் மலர்தூவ...'

அது என் வசனம். உலகத்தில் வேறு ஒருவரும் அப்படி எழுதமாட்டார்கள். அக்கா அந்தக் கார்ட்டில் பெட்டி செய்திருக்கிறார்! அந்த ஆளின் பெயர் பட்டம் பதவியோடு பலகாரத்துக்குக் கீழே கிடக்க, சபை முழுக்கக் கையில் வைத்துக்கொண்டு இருக்கிறது. மேற்கொண்டு பார்க்கத் தைரியம் இல்லாமல் மூடியைச் சாத்திவிட்டு நிமிர்ந்தால், முன்வரிசையில் மாப்பிள்ளையின் தாயார் தன் பெட்டியின் சிவப்பு நூலை அவிழ்த்துக்கொண்டிருந்தார். அந்தப் பக்கமும் இந்தப் பக்கமும் வால்தம்ஸ்டோச் சொந்தங்கள்.

ஓடினேன்.

"மாமி, அது நசிஞ்ச பெட்டி. தாங்கோ, நல்லதா ஒண்டு தாறன்."

"இது நல்லாத்தானே இருக்கு தம்பி."

"இல்லை மாமி, பலகாரம் பழசு."

"பழசோ? கலியாண வீட்டிலயோ?" பக்கத்தில் இருந்த ஒருவர் தன் பெட்டியை மோந்து பார்த்தார்.

நான் பெட்டியில் கை வைத்தேன். அவர் விடவில்லை. தங்கச்சி மணவறையிலிருந்து என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள். இழுபறியில் பெட்டி வாய் பிளந்தது. பணியாரம் மடியில் விழுந்தது. மாமி வெறும் பெட்டியைத் தூக்கி, கண்ணாடியைப் போட்டுக்கொண்டு உள்ளே பார்த்தார்.

"என்னது, உங்கட தங்கச்சியின்ர பேர் கிடக்கு?"

முருகா என்றேன். வேறு யாரைக் கூப்பிட? மாமி மடிப்பு மடிப்பாகப் பெட்டியைப் பிரித்து மடியில் விரித்து, அடி முதல் நுனி வரை வாசித்தார். பிறகு திருப்பிப் பார்த்தார். பிறகு என்னைப் பார்த்தார்.

"எங்கட பெடியன்ர பேர் எங்க?"

குனிந்து பார்த்தேன். தங்கச்சியின் பெயர் இருந்தது. அம்மா அப்பா பெயர் இருந்தது. அந்த ஆளின் பெயர் இல்லை. திகதி இல்லை. மண்டபம் இல்லை. அதெல்லாம் இருந்த இடது பக்கம் அடியோடு இல்லை.

எச்சில் பிளேற்றுகளை அடுக்கிக்கொண்டு அந்த வழியால் வந்த அக்கா நின்றார்.

"பெட்டி பொம்பிளை வீட்டுச் சாமான் மாமி. அதில பொம்பிளையின்ர பேர்தான் வரும்."

"அதுக்கு ஏன் உள்ளுக்க அடிச்சனீங்கள்?"

"வெளியில அடிச்சா ஆக்களின்ர கை பட்டு அழிஞ்சுபோமெல்லோ."

மாமி பக்கத்தில் இருந்தவர்களுக்குத் தூக்கிக் காட்டினார். "பாருங்கோ, இந்தக் காலத்தில ஆர் இப்பிடிப் பாத்துப் பாத்துச் செய்யினம்?" என்றார். ஒருவர் தனக்கு இன்னொரு பெட்டி கேட்டார். மணவறையில் தங்கச்சி தலையைக் குனிந்துகொண்டு, மணப்பெண் சிரிக்கக்கூடாத அளவுக்குச் சிரித்தாள். சபையில் ஒருவரும் அவளைப் பாவமாகப் பார்க்கவில்லை.

நான் அக்காவுக்குப் பின்னால் சமையலறைக்குப் போனேன். அவர் பிளாஸ்டிக் பிளேற்றுகளைக் கழுவத் தொடங்கியிருந்தார்.

"மற்றப் பக்கம் எங்கையக்கா?"

"எந்தப் பக்கம்?"

"அந்தாளின்ர பேர் இருந்த பக்கம்."

"குப்பைப் பின்னுக்க போட்டன்."

"நீங்களோ?"

"ஏன், நான் போட்டா பின் வேண்டாம் எண்டு சொல்லுமோ?"

"நல்ல மட்டையெல்லோ அக்கா" என்றேன். வாய் சும்மா இருக்கவில்லை.

"நல்ல மட்டைதான்" என்றுவிட்டு அடுத்த பிளேற்றை எடுத்தார்.

அப்போதுதான் எனக்கு மற்றப் பயம் பிடித்தது. பிள்ளையார் நடு உச்சியில் அல்லவா இருந்தவர்? நடுவால் வெட்டினால் அவருடைய அரைவாசி எங்கே போயிருக்கும்? கேட்டேன். அக்கா ஈரக் கையைச் சேலையில் துடைத்து, மிஞ்சியிருந்த பெட்டி ஒன்றைப் பிரித்துக் காட்டினார். நேராக வந்த வெட்டு உச்சியில் மட்டும் அரைவட்டமாக வெளியே வளைந்து போய் வந்திருந்தது. அந்த வளைவுக்குள் தும்பிக்கை, மோதகம், பெருச்சாளி எதுவும் குறையாமல் முழுப் பிள்ளையார் பொன்னிறத்தில் இருந்தார்.

"எல்லாக் கார்ட்டிலயும் இப்பிடியோ வெட்டினனீங்கள்?"

"எல்லாத்திலயும்தான். அவர் நடுவில இருந்து பாத்துக்கொண்டிருந்தது போதும் எண்டு, பொம்பிளைப் பக்கம் எடுத்திட்டன்."